கரட்டுப் பாதையில் தற்காலிக வாகனப் பழுதுநீக்கம்

கரட்டுப் பாதையில் தற்காலிக வாகனப் பழுதுநீக்கம் என்பது, பட்டறையும் உதிரிபாகமும் கிடைக்காத இடத்தில் பழுதாகி நின்ற வாகனத்தைக் கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அடுத்த பட்டறை வரை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் முறையாகும். வயல்வெளி, ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, மலைப்பாதை, குவாரிப் பாதை ஆகிய இடங்களில் ஓடும் டிராக்டர், ஜீப், சரக்கு வண்டி, மோட்டார் சைக்கிள் போன்ற எல்லா வாகனங்களுக்கும் இது பொருந்தும். சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, சோப்புக்கட்டி, கயிறு, மரக்கட்டை ஆகியவை இதில் பெரிதும் பயன்படுகின்றன. நிரந்தரப் பழுதுநீக்கத்துக்கு இது மாற்றாகாது. வாகனத்தையும் அதில் உள்ளவர்களையும் பாதுகாப்பாகத் திரும்பச் சேர்ப்பது மட்டுமே இதன் நோக்கம்.

உத்திரமேரூர் வட்டாரச் சூழல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர், முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்றது. இவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரிகளைக் கவனிக்க ஊர்ச்சபையில் தனி வாரியம் இருந்ததை அக்கல்வெட்டுகள் காட்டுகின்றன. இன்றும் இது ஏரிப்பாசனத்தை நம்பிய நெல் வட்டாரமே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வயல்களும் வண்டிப்பாதைகளும் சேறாகின்றன. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலும் அருகில் உள்ளது. வெள்ளக் காலத்தில் தரைப்பாலங்களின் மேல் நீர் ஓடுவதுண்டு.

இத்தகைய ஊர்ப்புறங்களில் கரட்டுப் பாதைப் பயணம் பொழுதுபோக்காக நடப்பதில்லை. சேற்றுழவு செய்யும் டிராக்டர், நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர், பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள், காய்கறி ஏற்றிய 'குட்டியானை' ஆகியவை நாள்தோறும் மண்பாதையில் ஓடுகின்றன. பஞ்சர் கடையும் மெக்கானிக் ஷெட்டும் பெரும்பாலும் கூட்டுச்சாலைகளிலும் பேருந்து நிலையத்தை ஒட்டியும்தான் இருக்கும். வயலுக்கு நடுவில் நின்றுபோன வண்டியை அங்கு வரை கொண்டுசேர்ப்பது ஓட்டுநரின் பொறுப்பாகிறது.

வரலாறு

வழியில் பழுது நீக்கும் பழக்கம் மோட்டார் வாகனத்தின் தொடக்கத்திலேயே உருவானது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வாகனத்தில் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கி.மீ. பயணம் செய்தார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த மின்கம்பிக்குக் காலுறையைப் பிடிக்கும் பட்டியை உறையாகச் சுற்றினார். தேய்ந்த பிரேக் கட்டைகளின் மேல் தோல் பொருத்துவதற்குச் செருப்புத் தைப்பவரிடம் சென்றார்.

தமிழ்நாட்டில் இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கருவியைத் தயாரித்தது. கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். பெட்ரோலுக்குப் பதில் அந்த வாயுவை எஞ்சினுக்குள் செலுத்துவதே இவ்வகைக் கருவிகளின் செயல்முறையாகும்.

யாழ்ப்பாணத்தில் 1990-ல் மீண்டும் போர் தொடங்கியபின் பெட்ரோல், மின்கலம், உதிரிபாகம் ஆகியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. அங்கு ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. எனவே கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இதைத் தாங்கின. அவற்றிலும் புகை மிகுந்தது. வால்வுகளில் கரி படிந்தது.

அடிப்படை விதி

ஒரு பழுதைத் தற்காலிகமாகச் சரிசெய்யலாமா என்பதை ஒரு கேள்வியால் முடிவு செய்யலாம்: இந்த ஒட்டு வழியில் மீண்டும் விட்டுப்போனால் வண்டி நின்றுவிடுமா, நிற்காமல் போய்விடுமா?

ரேடியேட்டர் குழாயில் சுற்றிய டியூப் அவிழ்ந்தால் எஞ்சின் சூடேறும். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடலாம். டீசல் குழாயில் மீண்டும் காற்றுப் புகுந்தால் எஞ்சின் தானே அணையும். இத்தகைய பழுதுகளில் தற்காலிக வேலையைத் துணிந்து செய்யலாம். பிரேக் குழாய், ஸ்டியரிங் இணைப்பு, சக்கர நட்டு, டிரெய்லர் கொக்கி ஆகியவற்றில் போட்ட ஒட்டு விட்டுப்போனால் வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறிவிடும். அவற்றில் தற்காலிக வேலை செய்து ஆளையோ சுமையையோ ஏற்றி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை அழைத்து வருவதே சரியான வழி.

பழுதுகளும் தற்காலிகத் தீர்வுகளும்

1. குளிரூட்டும் அமைப்பு

ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தால், அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, நீளமாகக் கிழித்த சைக்கிள் டியூப்பை இழுத்து இறுக்கிப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். அதன் மேல் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டலாம். ரேடியேட்டர் மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் உள்ளே அழுத்தம் குறையும், கசிவும் குறையும். ஆனால் அழுத்தம் குறையும்போது நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால் மெதுவாக ஓட்டி, அடிக்கடி நிறுத்தி நீர் நிரப்ப வேண்டும்.

ரேடியேட்டரில் நுண்ணிய ஓட்டை இருந்தால் மஞ்சள்தூளைப் போடும் வழக்கம் ஓட்டுநர்களிடையே உண்டு. நீரில் ஊறிய துகள்கள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்கின்றன. அதே துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கக்கூடும். ஆகவே ஊர் சேர்ந்ததும் அமைப்பு முழுவதையும் கழுவ வேண்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். எஞ்சின் ஆறிய பின்னரே மூடியைத் திறந்து நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

2. எரிபொருள் அமைப்பு

கல் பட்டு எரிபொருள் தொட்டியில் சிறு கசிவு ஏற்பட்டால், துணி துவைக்கும் சோப்புக்கட்டியைப் பிசைந்து ஓட்டையில் அழுத்தித் தேய்க்கலாம். சோப்பு பெட்ரோலிலும் டீசலிலும் எளிதில் கரையாது என்பதால் சில மணி நேரம் தாங்கும். எம்-சீல் போன்ற இரு கூறு பசை இருந்தால், இடத்தைத் தேய்த்து உலர்த்திய பின் அதை அப்பி இறுகவிடலாம். அருகில் பீடி, சிகரெட் உட்பட எந்த நெருப்பும் இருக்கக்கூடாது.

டிராக்டரில் டீசல் தீர்ந்து, மீண்டும் நிரப்பியும் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும். டீசல் பம்பு நீர்மத்தை அழுத்துவதற்காக அமைக்கப்பட்டது. இடையில் காற்று இருந்தால் காற்றுதான் சுருங்கும். இன்ஜெக்டர் திறக்கத் தேவையான அழுத்தம் உருவாகாது. ஃபில்டரின் மேலுள்ள காற்றுப்போக்கித் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். குமிழ் நின்று தூய டீசல் மட்டும் வழியும்போது திருகை இறுக்க வேண்டும். இதை மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்பர். ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும். டிராக்டர் ஓட்டுபவர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

3. டயர்

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ஓட்டையைத் துளைக்கருவியால் தேய்த்து, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்து ஓட்டலாம். டியூப் உள்ள டயரில் பஞ்சர் ஒட்டும் பொருள் எதுவும் இல்லாத நிலையில், டியூப்பை எடுத்துவிட்டு டயருக்குள் வைக்கோலையோ புல்லையோ இறுக்கி அடைத்து மெதுவாகச் செல்வதுண்டு. அதிக வேகத்தில் வைக்கோல் சூடேறும்; ரிம்மும் வளையும். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தால், பழைய டயரில் வெட்டிய துண்டை உட்புறம் வைத்து, டியூப்பைப் போட்டுக் குறைந்த காற்றில் நகர்த்தலாம். பக்கச்சுவர் ஓடும்போது தொடர்ந்து மடங்கும் பகுதி என்பதால் இது மிகக் குறுகிய தொலைவுக்கே உதவும்.

சேற்றில் ஜாக்கி புதைந்துவிடும். அதன் அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் உடலை நுழைக்கக்கூடாது. கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ சேசிஸின் அடியில் படுக்கவைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் அமரும். செங்கல்லை முட்டுக்கொடுக்கக்கூடாது, சுமையில் அது திடீரென நொறுங்கும்.

4. மின்அமைப்பு

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி முனைகள். வெண்பச்சை நிறத்தில் பூத்திருக்கும் படிவைச் சுரண்டி, முனைகளை இறுக்கினாலே பல வண்டிகள் எடுத்துவிடும். பேட்டரி இறங்கியிருந்தால் இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் புதிய வண்டிகளில், பம்பையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இயக்கும் அளவுக்காவது பேட்டரியில் மின்சாரம் இருந்தால்தான் இது பலிக்கும்.

வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, இரண்டிலும் ஒரே வோல்ட் பேட்டரி உள்ளதா என்று பார்க்க வேண்டும். பெரிய லாரிகளில் பொதுவாக 24 வோல்ட்டும், டிராக்டர், கார் ஆகியவற்றில் 12 வோல்ட்டும் இருக்கும். நேர்முனையை நேர்முனையுடன் இணைத்து, எதிர்முனைக் கம்பியின் கடைசி நுனியைப் பழுதான வண்டியின் எஞ்சின் உலோகத்தில் பேட்டரியிலிருந்து தள்ளிப் பொருத்த வேண்டும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது.

பியூஸ் எரிந்தால் அதில் செப்புக் கம்பியையோ சிகரெட் தாளின் ஈயத்தாளையோ சுற்றுவது ஆபத்தானது. கோளாறு இருக்கும்போது பியூஸ் எரிய வேண்டும். அது எரியாவிட்டால் வயர் எரியும். ஹாரன் போன்ற அவசரமில்லாத இடத்திலிருந்து அதே அளவுள்ள பியூஸை எடுத்துப் போடலாம்.

5. கேபிள், செயின், வில்பட்டை

மோட்டார் சைக்கிளில் கிளட்ச் கேபிள் அறுந்தால், வண்டியை நியூட்ரலில் தள்ளி உருளவிட்டு முதல் கியரில் போட்டுக் கிளம்பலாம். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும் நொடியில் மேல் கியருக்கு மாற்றலாம். நிறுத்துவதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும் என்பதால் நெரிசலான சாலையில் இதைச் செய்யக்கூடாது. செயின் அறுந்தால் ஒரு செயின் லாக் போதும். அது சட்டைப்பையிலேயே அடங்கும்.

சுமை வண்டியின் வில்பட்டை ஒடிந்தால், சுமையை இறக்கி, அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையில் மரக்கட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவர். அச்சு பின்னோக்கி நகராமல் இருக்கிறதா என்று சில நூறு மீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அச்சு நகர்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது பயணத்தை நிறுத்திவிட வேண்டும்.

6. நீரில் அணைந்த எஞ்சின்

தரைப்பாலத்தைக் கடக்கும்போது எஞ்சின் அணைந்தால் உடனே செல்ஃப் அடிக்கக்கூடாது. காற்றுக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர் நனைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றலாம். டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருப்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

சேற்றில் சிக்கிய டிராக்டர்

நெல் வட்டாரங்களில் அதிகம் நேரும் சிக்கலும் அதிக உயிராபத்து உள்ள சிக்கலும் இதுவே. சக்கரம் சுழன்றும் டிராக்டர் நகராதபோது, பின்சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கிக் கிளப்பும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டால் சக்கரம் சுழல முடியாது. எஞ்சினின் திருகுவிசை அப்போது சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக டிராக்டரின் உடலையே பின்அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பகுதி மேலெழுந்து, ஓட்டுநரின் மேல் டிராக்டர் மல்லாந்து விழ இரண்டு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க எண்ணுவதற்குள் அது நடந்து முடிந்துவிடும்.

இழுசங்கிலியைப் பின்அச்சிலோ அதற்கு மேலோ கட்டினாலும் இதே விபத்து நேரும். சங்கிலியை எப்போதும் தாழ்வாக உள்ள இழுகொக்கியில்தான் மாட்ட வேண்டும். பாதுகாப்பான முறை பின்வருமாறு:

• கலப்பையையும் டிரெய்லரையும் முதலில் கழற்றிவிடுதல்.
• சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சேற்றை மண்வெட்டியால் வெட்டிச் சரிவு அமைத்தல்.
• தென்னை மட்டை, வைக்கோல், சாக்கு, கல்துண்டு ஆகியவற்றைச் சக்கரத்தின் அடியில் போடுதல்.
• வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுத்தல். பின்னோக்கி வரும்போது முன்பகுதி மேலெழும் ஆபத்து குறைவு.
• ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால் டிஃபரன்ஷியல் லாக்கைப் பயன்படுத்துதல். அது போட்டிருக்கும்போது திருப்பக்கூடாது.
• முடியாவிட்டால் மற்றொரு டிராக்டரால் இழுத்தல். கயிறு அறுந்தால் சவுக்கைப் போல் அடிக்கும் என்பதால், பார்ப்பவர்கள் அனைவரும் கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதல் தொலைவில் நிற்க வேண்டும்.

தற்காலிகமாகச் சரிசெய்யக்கூடாதவை

பிரேக் ஆயில் கசிந்துபோன வண்டியில் எஞ்சின் ஆயிலையோ நீரையோ ஊற்றக்கூடாது. எஞ்சின் ஆயில் பட்டால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். நீர், பிரேக் சூட்டில் ஆவியாகி மிதியை அடிவரை இறங்கச் செய்யும். ஸ்டியரிங் இணைப்பைக் கட்டுக்கம்பியால் கட்டுவதும் டிரெய்லர் பின்னுக்குப் பதில் கம்பியைச் செருகுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்த வண்டியில் எஞ்சின் வேகத்தை ஏற்றிக் கட்டிவைப்பதும் ஆபத்தானதே. குறைக்க வேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைக்க முடியாது.

சக்கர நட்டு தொலைந்தால் மட்டும் ஒரு விலக்கு உண்டு. மற்றச் சக்கரங்களிலிருந்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, எல்லாச் சக்கரத்திலும் ஒன்று மட்டுமே குறையும்படி பகிர்ந்து மாட்டலாம். இதில் பயன்படுவது அதற்கென்றே செய்யப்பட்ட உதிரிபாகம் என்பதால் இது ஏற்கத்தக்கது. அப்போதும் சுமையின்றி, மெதுவாகவே செல்ல வேண்டும்.

வண்டியில் வைத்திருக்க வேண்டியவை

ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி, பலகைத் துண்டு, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பொருள்கள், பழைய சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எம்-சீல், சோப்புக்கட்டி, சில பியூஸ்கள், செயின் லாக், இழுகயிறு, டார்ச் விளக்கு, 5 லிட்டர் தண்ணீர் ஆகியவை ஒரு சாக்கில் அடங்கிவிடும். இவற்றில் பல வீட்டிலேயே கிடைப்பவை.

சாலையில் நிறுத்தும்போது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 122-ஆம் பிரிவு பொது இடத்தில் பிறருக்கு ஆபத்து விளையும்படி வாகனத்தை நிறுத்துவதைத் தடை செய்கிறது. பாதுகாப்பற்ற நிலையிலுள்ள வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவது 190-ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும். வயலில் செய்த ஒட்டு வேலையுடன் தார்ச்சாலையில் ஏறும் வாகனத்துக்கும் இது பொருந்தும்.

விளக்கில்லாத கிராமச் சாலையில் இரவில் நின்றுபோன டிரெய்லர், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணில் படுவதில்லை. எச்சரிக்கை முக்கோணமோ ஒளிரும் பட்டையோ இல்லாத நிலையில் ஓட்டுநர்கள் மரக்கிளையைப் போட்டுக் கற்களை அடுக்கி அடையாளம் வைக்கின்றனர். தழைக்கொத்து தொலைவிலிருந்து தெரியும். கல் இருட்டில் தெரியாது. எனவே தழையுடன் டார்ச் விளக்கையும் வைப்பது நல்லது. வண்டி கிளம்பியபின் அக்கற்களை அப்படியே விட்டுச் செல்வதால் இருசக்கர வாகனங்கள் அவற்றில் மோதி விழுகின்றன. கிளம்பும் முன் கற்களையும் கிளையையும் சாலையோரத்துக்கு அகற்றுவதும் பழுதுநீக்கத்தின் ஒரு பகுதியே. காயம் ஏற்பட்டால் 108 என்ற எண்ணிலும், தேசிய நெடுஞ்சாலையில் உதவி தேவைப்பட்டால் 1033 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பட்டறை சேர்ந்த பிறகு

வழியில் செய்த வேலை ஒவ்வொன்றையும் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். மஞ்சள்தூள் போட்ட ரேடியேட்டர், சோப்பு அடைத்த தொட்டி, இடம் மாற்றிய பியூஸ், பகிர்ந்து மாட்டிய நட்டு ஆகியவை வெளியே பார்த்தால் தெரியாது. தற்காலிக வேலை நன்றாகத் தாங்கினால், அதை அப்படியே மறந்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டும் போக்கு உண்டு. பிறகு அது விட்டுப்போகும்போது வண்டி காலியாக, மெதுவாக, பகலில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.